ரன்-ஃப்ளாட் டயர், ஸ்டெப்னி இல்லாத கார்: பெங்களூருவிலிருந்து ஊருக்கு ஓட்டிப் போகிறவர்கள் என்ன செய்கிறீர்கள்?

ஜெயநகர் தேன்மொழி:

வணக்கம். எங்களிடம் இருப்பது இரண்டாம் கையாக வாங்கிய ஒரு ஜெர்மன் செடான். நான்கு சக்கரங்களிலும் ரன்-ஃப்ளாட் டயர், அளவு 225/50 ஆர்17. டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கினால் ஸ்டெப்னி வைக்கக் குழியே இல்லை. பேட்டரி உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் வண்டியை இழுப்பதற்கான கொக்கி ஒன்று, அவ்வளவுதான். ஜாக்கி இல்லை. சக்கரம் கழற்றும் ஸ்பேனர் இல்லை. "காற்று முழுக்கப் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் போகலாம், பிறகு ஸ்டெப்னி எதற்கு?" என்று விற்றவர் சொன்னார். நகரத்துக்குள் அது சரியாகவே இருக்கிறது. ஜெயநகரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் அந்தத் தூரத்துக்குள் நல்ல டயர் கடை வந்துவிடும்.

என் கவலை ஊர்ப் பயணத்தைப் பற்றியது. பெற்றோர் செங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். அம்மாவை மருத்துவப் பரிசோதனைக்கு பெங்களூருவுக்கு அழைத்து வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் என் பொறுப்பு. அலுவலகம் முடிந்து வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டால் அத்திப்பள்ளியைத் தாண்டவே இருட்டிவிடும். கிருஷ்ணகிரி வரை ஆறு வழிச் சாலை, லாரிகள், உணவகங்கள், வெளிச்சம். அங்கிருந்து திருவண்ணாமலை சாலையில் திரும்பி ஊத்தங்கரையைக் கடந்தபின், சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கம் போய்ச் சேரும் வரை உள்ள பகுதிதான் எனக்கு உறுத்துகிறது. முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மாவை இரவு பத்து மணிக்குச் சாலையோரம் இறக்கி நிற்க வைக்க முடியாது.

இப்போது பின் டயர் இரண்டும் தேய்மானக் குறியைத் தொட்டுவிட்டன. டயர் கடைக்காரர், பின்னால் மட்டும் அதே அளவில் சாதாரண டியூப்லெஸ் போட்டுக்கொள்ளுங்கள், விலை குறைவு, வண்டியும் மெத்தென்று போகும் என்கிறார். சர்வீஸ் நிலையத்தில் கேட்டால், ரன்-ஃப்ளாட்டைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள் என்கிறார்கள். இரண்டு பேரும் காரணம் சொல்லவில்லை. எனக்குக் காரணம் வேண்டும். ஊர் வழியில் இப்படிப்பட்ட காரை ஓட்டுகிறவர்கள் விளக்கமாக எழுதுங்கள்.

அல்சூர் பயணி:

நான்கையும் சாதாரண டயராக மாற்றுங்கள். நான் மாற்றிவிட்டேன், நிம்மதியாக இருக்கிறேன். பெங்களூரு சாலைகளில் ரன்-ஃப்ளாட் கொடுக்கும் இடியை முதுகு தாங்காது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போதே வித்தியாசம் தெரியும். இரைச்சலும் குறைந்தது.

சட்டச் சிக்கலும் இல்லை. மோட்டார் வாகன விதிகளில் 2020 ஜூலையில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பும், பஞ்சர் பழுது நீக்கும் கருவித் தொகுப்பும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. உங்கள் காரில் அழுத்தக் கண்காணிப்பு ஏற்கெனவே இருக்கும். அது இல்லாமல் ரன்-ஃப்ளாட் பொருத்தி விற்க மாட்டார்கள். அடைப்புத் திரவம் உள்ள பாட்டில் ஒன்றும், காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சிறிய காற்று பம்பு ஒன்றும் வாங்கி வையுங்கள். முடிந்தது வேலை.

ஓசூர் டயர்க்காரர்:

அம்மா, நான் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் வேலை கற்றவன். இப்போது ஓசூரில் சொந்தக் கடை. நீங்கள் காரணம் கேட்டிருப்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பின்னால் மட்டும் சாதாரண டயர் என்ற பேச்சை முதலில் விடுங்கள். ரன்-ஃப்ளாட்டின் பக்கச்சுவர் தடிமனாக, விறைப்பாக இருக்கும். சாதாரண டயரின் பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும். முன்னால் ஒரு ஜாதி, பின்னால் ஒரு ஜாதி என்று இருந்தால் வளைவில் வண்டியின் முன்பாதியும் பின்பாதியும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். மெதுவாகப் போகும்போது தெரியாது. மழையில், வேகத்தில், குறுக்கே ஏதோ வந்து ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது தெரியும். நான்கையும் மாற்றுங்கள், அல்லது பின்னால் இரண்டும் ரன்-ஃப்ளாட்டாகவே போடுங்கள். நடுவழி கிடையாது.

அடுத்தது அந்த 80 கணக்கு. சாதாரண டயரில் வண்டியின் எடையைத் தாங்குவது காற்று. காற்று போனால் பக்கச்சுவர் மடங்கி, ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கிக் கிழிந்துவிடும். ரன்-ஃப்ளாட்டில் பக்கச்சுவருக்குள் கூடுதலாக ஒரு தடித்த ரப்பர் அடுக்கு வைத்திருக்கிறார்கள். காற்று போன பிறகு அந்த அடுக்குதான் எடையைச் சுமக்கிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அது மடங்கி நிமிர்கிறது, மடங்கி நிமிர்கிறது. அதனால் சூடு ஏறுகிறது. டயரைக் கொல்வது அந்தச் சூடுதான். வேகத்துக்கும் தூரத்துக்கும் எல்லை வைத்திருப்பது அதற்காகத்தான். எடை கூடினால் மடங்கலும் கூடும், தூரம் குறையும். என் கடைக்கு வந்த ஒரு பழைய காரின் கையேட்டில் நானே படித்திருக்கிறேன்: ஓரிருவர் மட்டும், சாமான் இல்லாமல் போனால் 250 கிலோமீட்டர், நான்கு பேர் அல்லது இருவரும் டிக்கி நிறையச் சாமானும் என்றால் 150, நான்கு பேரும் டிக்கி நிறையச் சாமானும் என்றால் வெறும் 50. புதிய வண்டிகளில் எல்லோருக்கும் பொதுவாக 80 என்று சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் ஊரிலிருந்து அரிசி மூட்டையும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது 80-ஐ நம்பாதீர்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. அந்தத் தூரம் உங்களை ஆளரவம் உள்ள இடத்துக்குக் கொண்டு சேர்க்கும். அங்கே உங்கள் டயர் இருக்குமா? கிருஷ்ணகிரியிலிருந்து செங்கம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். நடுவில் ஊத்தங்கரையில் டயர் கடைகள் இருக்கின்றன. லாரி, டிராக்டர், இருசக்கர வாகனம், சிறிய கார் ஆகியவற்றுக்கு உரிய டயர் கிடைக்கும். 225/50 ஆர்17 ரன்-ஃப்ளாட்டை இருப்பு வைத்துக்கொண்டு யார் காத்திருப்பார்கள்? அப்படியே டயர் கிடைத்தாலும் மாட்டுவதற்கு ஏற்ற இயந்திரம் வேண்டும். இந்த விறைப்பான பக்கச்சுவரை ரிம்மிலிருந்து பிரிக்கத் துணைக்கை உள்ள இயந்திரம் தேவை. கடப்பாரையும் சுத்தியலும் வைத்து நெம்பினால் டயரின் விளிம்பு கிழியும், உள்ளே இருக்கும் அழுத்த சென்சாரும் உடையும். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று பெரிய ஊர்களில்தான் அந்த இயந்திரத்தைத் தேடவேண்டும்.

ஆக, உங்கள் தாயார் சாலையோரம் நிற்க வேண்டாம் என்ற தேவைக்கு ரன்-ஃப்ளாட் நன்றாகவே பதில் சொல்கிறது. மறுநாள் காலை வண்டி மீண்டும் ஓட வேண்டும் என்ற தேவைக்கு அது பதில் சொல்லாது. இரண்டும் வெவ்வேறு. என் முடிவு: ரன்-ஃப்ளாட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்குப் போகும் நாட்களில் மட்டும் டிக்கியில் ஒரு மெல்லிய ஸ்டெப்னியை, அதாவது அவசரத்துக்கு மட்டும் மாட்டும் குறுகலான சக்கரத்தை, எடுத்துக்கொண்டு போங்கள்.

அல்சூர் தம்பி சொன்ன திரவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தரையில் படும் பகுதியில் ஆணி குத்திய சிறு துளையை அது அடைக்கும். பள்ளத்தில் இறங்கிப் பக்கச்சுவர் வெட்டுப்பட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. நம் சாலைகளில் எனக்கு வரும் வண்டிகளில் ஆணி பஞ்சருக்குச் சமமாகப் பள்ளத்து அடியும் வருகிறது.

அல்சூர் பயணி:

அண்ணா, பக்கச்சுவர் கிழிந்தால் ரன்-ஃப்ளாட்டும் கைவிடும்தானே? பெரிய வெட்டு விழுந்தால் எந்த டயரும் நிற்காது. அதுவும் பள்ளத்தில் ரன்-ஃப்ளாட் தன் விறைப்பால் அடியை ரிம்முக்குக் கடத்திவிடுகிறது. என் பழைய ரன்-ஃப்ளாட் டயரில் ஒரு கீறல்கூட இல்லை, அலாய் ரிம் வளைந்துவிட்டது. சில்க் போர்டு பக்கம் சர்வீஸ் சாலையில் மழைநீர் தேங்கி நின்ற பள்ளம். டயர் பிழைத்தது, ரிம்முக்குச் செலவு செய்தேன்.

ஓசூர் டயர்க்காரர்:

தம்பி சொல்வது உண்மை. பள்ளத்தில் ரிம் அடிபடுவது ரன்-ஃப்ளாட்டில் அதிகம்தான். அதை நான் மறுக்கவில்லை. பக்கச்சுவர் பெரிதாகப் பிளந்தால் ரன்-ஃப்ளாட்டும் உதவாது, அதுவும் சரி. ஆனால் பள்ளத்து அடியில் பெரும்பாலும் உள்ளிருக்கும் இழைகள் அறுந்து பக்கச்சுவர் புடைக்கும், அல்லது விரல்நுனி அளவு வெட்டு விழுந்து காற்று இறங்கும். காற்று இறங்கிய நிலையில் சாதாரண டயர் அங்கேயே நின்றுவிடும். ரன்-ஃப்ளாட் மெல்ல நகர்ந்து வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க் வரை வந்துவிடும். இரவில் தாயாரோடு தனியாக ஓட்டுகிற ஒரு பெண்ணுக்கு அந்தப் பத்து கிலோமீட்டர் பெரிய விஷயம். பகலில் நகரத்துக்குள் ஓட்டுகிற உங்களுக்கு உங்கள் ஏற்பாடு பொருந்தும். அவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஜெயநகர் தேன்மொழி:

ஐயா, இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மிக்க நன்றி. அல்சூர் நண்பருக்கும் நன்றி. சட்டம் எப்படி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது.

பின்னால் இரண்டும் ரன்-ஃப்ளாட்டாகவே போடுகிறேன். இன்னும் இரண்டு கேள்விகள். பஞ்சர் ஆன ரன்-ஃப்ளாட்டை ஒட்டி மீண்டும் ஓட்டலாமா? சர்வீஸ் நிலையத்தில் ஒரே வார்த்தையில் "மாற்றத்தான் வேண்டும்" என்கிறார்கள். சாலையோரக் கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் அடைத்துத் தருகிறேன் என்கிறார். அடுத்தது, மெல்லிய ஸ்டெப்னி வாங்குவதென்றால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஓசூர் டயர்க்காரர்:

முதல் கேள்விக்குப் பதில் டயரின் உள்ளே இருக்கிறது. காற்று இருக்கும்போதே ஆணியைக் கண்டுபிடித்து, அழுத்தம் குறையாமல் கடை வரை கொண்டுவந்திருந்தால், தரையில் படும் நடுப்பகுதியில் துளை 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால், டயரைக் கழற்றி உள்பக்கத்திலிருந்து காளான் வடிவ அடைப்பு வைத்து ஒட்டலாம். சில டயர் நிறுவனங்கள் இதை அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை. உங்கள் டயர் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்று இல்லாமல் ஓட்டிய டயர் என்றால் கதை வேறு. கழற்றி உள்பக்கத்தில் கையை விட்டால் எள்ளுப்பொடி போலக் கறுப்புத் தூள் விரலில் ஒட்டும். பக்கச்சுவரின் உள்பக்கம் சுற்றிலும் ஒரு வளையமாகச் சுருக்கம் விழுந்திருக்கும். மடங்கி மடங்கி ரப்பர் அரைபட்டதன் அடையாளம் அது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிது போலவே இருக்கும். அதை எவ்வளவு அழகாக ஒட்டினாலும் ஒட்டிய இடம் நிற்கும், பக்கச்சுவர் ஒருநாள் போய்விடும். அப்படிப்பட்ட டயரை என் கடையில் ஒட்டித் தருவதில்லை, வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனாலும் சரி.

சாலையோரத்தில் வெளியிலிருந்து திரி செருகி அடைப்பதை வீடு வந்து சேர்வதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். வேகத்தைக் குறைத்து ஓட்டி வாருங்கள். அதற்கப்புறம் டயரைக் கழற்றி உள்ளே பார்த்தே ஆக வேண்டும்.

ஸ்டெப்னியைப் பற்றி, அதைச் செய்தவர்கள் எழுதட்டும்.

ஒயிட்ஃபீல்டு குமரி மாவட்டத்தான்:

நான் செய்திருக்கிறேன், சொல்கிறேன். எனக்கு நாகர்கோவில் வரை பயணம், அதனால் ஸ்டெப்னி இல்லாமல் புறப்படுவதே இல்லை.

போல்ட் எண்ணிக்கை, போல்ட் துளைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம், சக்கரத்தின் நடுத்துளை அளவு மூன்றும் உங்கள் வண்டிக்குப் பொருந்த வேண்டும். மூன்றும் பொருந்தினாலும் பிரேக் காலிப்பரில் (சக்கரத்துக்குள் பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) இடிக்கலாம். ஆகவே வாங்கும் இடத்திலேயே முன்சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டி, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். முன்பக்க பிரேக் பெரிது. அங்கே சுற்றினால் பின்னாலும் சுற்றும். பெரும்பாலும் ஸ்டெப்னி இரும்பு ரிம்மில் வரும். சில வண்டிகளில் அலாய்க்கான போல்ட் இரும்பு ரிம்முக்கு நீளம் கூடுதலாகிவிடும், தனி போல்ட் வேண்டும். அதையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஜெர்மன் கார்களில் நட்டு கிடையாது, போல்ட்தான். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே துளைகளை நேராக்கிப் போல்ட்டைச் செருக வேண்டும், தனியாளாகச் செய்வது கடினம். மேல் துளையில் முதலில் திருகிவைக்கும் வழிகாட்டிக் கம்பி ஒன்று கிடைக்கிறது. சக்கரத்தை அதில் மாட்டித் தொங்கவிட்டால் மற்ற போல்ட்டுகளை நிதானமாகப் போடலாம். விலை மிகக் குறைவு, உதவியோ பெரிது. இரண்டாம் கையாக வாங்கிய வண்டி என்பதால், சக்கரத்தில் திருட்டுத் தடுப்புப் போல்ட் இருக்கிறதா, அதன் சாவி உங்களிடம் வந்து சேர்ந்ததா என்று இன்றே பாருங்கள். சாவி இல்லாவிட்டால் ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் இருந்தும் சக்கரம் கழலாது.

டிக்கியில் குழி இல்லாததால் சக்கரம் தரையில் சும்மா கிடக்கும். பெல்ட் போட்டு டிக்கியிலுள்ள வளையங்களில் இறுக்கிக் கட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ இரும்பு, அவசர பிரேக்கில் பின் இருக்கையை நோக்கிப் பாயும். பின் இருக்கையில் அம்மா உட்காருவார்கள் அல்லவா?

ஜெயநகர் தேன்மொழி:

திருட்டுத் தடுப்புப் போல்ட் இருக்கிறது! இப்போதுதான் கீழே இறங்கிப் பார்த்தேன், ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு போல்ட்டின் தலை வேறு மாதிரி இருக்கிறது. சாவி கையுறைப் பெட்டியில், வண்டியின் கையேட்டுக்கு அடியில் ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது. நீங்கள் எழுதாவிட்டால் அந்த டப்பா எதற்கு என்றே எனக்குத் தெரிந்திருக்காது. நன்றி அண்ணா.

ஓசூர் ஐயாவிடம் கடைசியாக ஒன்று கேட்கிறேன். ஊத்தங்கரை தாண்டி இரவில் டாஷ்போர்டில் அழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்தால், அந்த நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

ஓசூர் டயர்க்காரர்:

வேகத்தை மெல்லக் குறைத்து 80-க்குக் கீழே கொண்டுவாருங்கள், 60 இன்னும் நல்லது. பிரேக்கை மிதிக்க வேண்டாம், ஆக்சிலரேட்டரை விட்டால் போதும். இருட்டில் நிற்காதீர்கள். ரன்-ஃப்ளாட்டுக்குக் கூடுதல் பணம் கொடுத்திருப்பதே இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். அடுத்த பெட்ரோல் பங்க்கோ ஆள் நடமாட்டமுள்ள கடைத்தெருவோ வரும்வரை அதே வேகத்தில் போங்கள்.

நின்றதும் இறங்கி நான்கு டயரையும் பாருங்கள். ரன்-ஃப்ளாட் காற்றில்லாமலும் நிமிர்ந்து நிற்கும், கண்ணால் பார்த்து எந்தச் சக்கரம் என்று சொல்ல முடியாது. காற்றுமானி வைத்துப் பாருங்கள். ஆணி தெரிந்தால் பிடுங்காதீர்கள். குத்திய ஆணியே பாதித் துளையை அடைத்துக்கொண்டிருக்கும். அல்சூர் தம்பி சொன்ன 12 வோல்ட் பம்பு இங்கேதான் உதவும். காற்றை நிரப்பிக் கால்மணி நேரம் காத்திருந்து மீண்டும் அளந்து பாருங்கள். மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால், நடுநடுவே நிரப்பிக்கொண்டு செங்கம் வரை போய்விடலாம். டயரும் காற்றில்லாமல் ஓடிய டயராக மாறாது, காலையில் ஒட்டிக்கொள்ளலாம். நிரப்ப நிரப்ப இறங்கினால் அங்கேயே யாராவது ஒருவரின் உதவியோடு ஸ்டெப்னியை மாட்டுங்கள்.

வண்டியை ஏற்றிப் போகும் நிலை வந்தால், தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். வண்டி தட்டையான மேடையுள்ள வாகனத்தில் முழுதாக ஏற வேண்டும். பின்சக்கரத்தால் ஓடும் ஆட்டோமேட்டிக் வண்டியை முன்பக்கம் தூக்கி இழுத்துக்கொண்டு போக விடாதீர்கள், கியர்பெட்டி கெடும்.

ஒயிட்ஃபீல்டு குமரி மாவட்டத்தான்:

ஒன்று விட்டுப்போயிற்று. மெல்லிய ஸ்டெப்னிக்கான காற்றழுத்தம் மற்ற டயர்களைப் போல 32, 33 இல்லை, 60 பி.எஸ்.ஐ. அதன் பக்கச்சுவரிலேயே அச்சிட்டிருக்கும். காற்று பிடிக்கும் பையன் பழக்கத்தில் 32-ஐ வைத்துவிடுவான். பக்கத்தில் நின்று சொல்லி 60 வரை ஏற்றச் சொல்லுங்கள். டிக்கியில் மாதக்கணக்கில் கிடந்தால் காற்று தானாகவே இறங்கும், ஆகவே ஊருக்குப் புறப்படும் முன் மற்ற நான்கோடு இதையும் பாருங்கள். அதில் ஓட்டும்போதும் 80 தான் உச்ச வேகம்.